பிஜிப் பெண்கள் மெலிய விரும்பிய கதை

"என்னடி, நன்றாகச் சதை போட்டுவிட்டாயே!" என்று ஒரு பெண்ணைப் பார்த்து நாலு பேர் எதிரில் சொன்னால் என்ன ஆகும்? இந்த நாளில் அவள் முகம் வாடிவிடும். அன்று ராத்திரி சோறு இறங்காது. சொன்னவளோடு ஒரு மாதத்துக்குப் பேச்சு வார்த்தை இராது.

ஆனால் அதே வார்த்தையைக் கேட்டதும் பெண்கள் முகம் மலர்ந்து போகிற ஊர் ஒன்று இருந்தது. "உடம்பு பெருத்திருக்கிறாய்" என்பது அங்கே பாராட்டு. "குச்சிக்கால்" என்று யாராவது சொல்லிவிட்டால்தான் வம்பு. அதைப் போன்ற வசவு வேறு கிடையாது.

அந்த ஊர் பிஜித் தீவு. பசிபிக் மகா சமுத்திரத்தில், ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, முந்நூறுக்கு மேற்பட்ட தீவுகள் சேர்ந்த ஒரு சின்ன நாடு.

பிஜி என்ற பெயர் தமிழருக்குப் புதிதல்ல. 1879-ஆம் ஆண்டு முதல் கரும்பு வெட்டுவதற்காக இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றி அங்கே கொண்டு போனார்கள். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. தமிழர்களும் தெலுங்கர்களும் மலையாளிகளும் ஆயிரக் கணக்கில் போனார்கள். அங்கே நம் பெண்கள் பட்ட பாட்டைக் கேட்டுப் பாரதியார் மனம் உருகிப் பாடினார். இன்றும் நாடி என்ற நகரத்தில் முருகன் கோயில் கோபுரம் வானளாவி நிற்கிறது. ஆனால் இன்று நான் சொல்ல வந்தது நம்மவர் கதை அல்ல. நம்மவர் போய் இறங்குவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே அந்தத் தீவில் வாழ்ந்து வரும் பூர்வகுடிப் பெண்களின் கதை.

இதை எழுதத் தூண்டியது எங்கள் வீட்டுச் சமாசாரம் ஒன்று. என் அக்காள் மகளுக்கு வயது 15. நல்ல ஆரோக்கியமான பெண். நாலு மாதமாகத் தட்டில் பாதியை ஒதுக்கிவிட்டு எழுந்திருக்கிறாள். கேட்டால், "நான் குண்டு, சித்தி" என்கிறாள். "யார் சொன்னது?" என்றால் கையில் இருக்கிற டெலிபோனைத் திருப்பிக் காட்டுகிறாள். அதிலே உலகத்து மூலை முடுக்கிலுள்ள ஒல்லிப் பெண்கள் எல்லாம் வரிசையாக நின்று சிரிக்கிறார்கள். என் அக்காள் தலையில் அடித்துக்கொண்டு, "டெலிவிஷன் வந்து பாதி கெட்டது, இந்தப் பாழாய்ப் போன போன் வந்து மீதியும் கெட்டது!" என்றாள்.

டெலிவிஷன் வந்துதான் பெண்களின் மனம் கெட்டதா? இதற்குச் சாட்சி சொல்ல உலகத்தில் சரியான இடம் ஒன்று உண்டென்றால் அது பிஜிதான்.

உடம்பு யாருடையது?

1988-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து ஆன் பெக்கர் என்ற பெண்மணி பிஜிக்குப் போனார். ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்தவர். மானிட இயலும் படித்தவர், மனோ வைத்தியமும் படித்தவர். பிஜியின் பெரிய தீவான வீட்டி லேவுவில், தென்மேற்குக் கரையோரத்தில் நட்ரோகா என்ற பகுதி இருக்கிறது. அங்குள்ள கிராமத்தில் தங்கி, ஜனங்களோடு ஜனமாகப் பழகினார். அந்த மக்கள் உடம்பைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று அறிவதே அவர் நோக்கம்.

அவர் கண்டது விசித்திரமாக இருந்தது. சாப்பாட்டு வேளையில் அந்தக் கிராமத்து வீடுகளில் கதவைச் சாத்துவதில்லை. திறந்து போட்டுக்கொண்டுதான் உட்காருவார்கள். தெருவில் போகிறவர் யாராக இருந்தாலும், "வந்து சாப்பிடு" என்று குரல் கொடுப்பார்கள். அவர்கள் பாஷையில் "மை கானா." கானா என்றால் சாப்பிடு. ஹிந்திச் சொல்லைப் போலக் காதில் விழுந்தாலும் அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மரவள்ளிக் கிழங்கு, சேம்பு, ஈரப்பலா, தேங்காய்ப் பாலில் வெந்த மீன் — இருப்பதைப் பகிர்ந்துகொள்வார்கள். கூப்பிடாமல் இருப்பது மரியாதைக் குறைவு. பாத்திரத்தில் மீதி இல்லாதபடி அளந்து சமைப்பது கஞ்சத்தனம்.

ஒருவர் உடம்பு திரண்டிருந்தால் அவரைப் போஷிக்க ஆட்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். மெலிந்து போனால், "இவரை யாரும் கவனிக்கவில்லையா? வீட்டில் என்ன குறை?" என்று ஊரே பேசும். அந்தப் பேச்சு மெலிந்தவரைச் சுடாது. அவருடைய சுற்றத்தாரைச் சுடும். குழந்தை இளைத்தால் தாய்க்கு அவமானம். விருந்தாளி இளைத்தால் வீட்டாருக்கு அவமானம்.

பசியெடுக்காமல் போவதை அவர்கள் ஒரு வியாதியாகவே வைத்திருக்கிறார்கள். "மதாகே" என்று அதற்குப் பெயர். யாராவது ஒரு வேளை சாப்பாட்டைத் தள்ளினால் போதும், உடனே மதாகேயோ என்று சந்தேகம் வந்துவிடும். மூலிகை இடித்துச் சாறு பிழிந்து கொடுத்து, மறுபடியும் பசி எடுக்கிற வரையில் விடமாட்டார்கள்.

இதையெல்லாம் கேட்கும்போது, நம் பாட்டிமார்கள் விடுமுறைக்கு வந்த பேரப் பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்தி, "ஐயோ, இப்படித் துரும்பாக இளைத்துப் போய்விட்டாயே!" என்று அங்கலாய்த்தது ஞாபகம் வருகிறதா? எனக்கும் வந்தது. நிற்க.

ஆன் பெக்கர் ஒரு காரியம் செய்தார். ஒல்லியிலிருந்து பருமன் வரையில் பல விதமான உருவங்களைப் படமாக வரைந்து, எது அழகு என்று கேட்டார். அவர்களுக்கும் அழகைப் பற்றித் திட்டமான அபிப்பிராயம் இருந்தது. இன்ன உருவம் நன்றாயிருக்கிறது, இன்னது நன்றாயில்லை என்று சொல்லத் தெரிந்திருந்தது. ஆனால் அந்த அழகான உருவத்தைத் தாங்களும் அடைய வேண்டும், அதற்காக உடம்பைக் குறைக்க வேண்டும் அல்லது கூட்ட வேண்டும் என்ற எண்ணம் மட்டும் அவர்களிடம் காணவில்லை! அவரவர் உடம்பு அவரவருக்கு வாய்த்தபடி இருக்கிறது. அதைச் செதுக்கித் திருத்துவது ஒரு வேலையா என்பது போல் இருந்தார்கள்.

நான் இந்த விஷயத்தில் மிகவும் முக்கியமாக நினைப்பது இந்தச் சின்னக் குறிப்பைத்தான். பிஜிக்காரர்களுக்குக் குண்டு பிடிக்கும், மேனாட்டாருக்கு ஒல்லி பிடிக்கும் என்று மேலோடு சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. அழகு இது என்று தெரிந்திருப்பது வேறு. அந்த அழகு என் மேல் இல்லையென்றால் நான் குற்றவாளி என்று நினைப்பது வேறு. முன்னது எல்லா நாட்டிலும் உண்டு. பின்னது பிஜியில் அன்று இல்லை.

டெலிவிஷன் வந்தது

1995-ஆம் ஆண்டின் நடுவில் நட்ரோகாவுக்கு டெலிவிஷன் வந்தது. ஒரே ஒரு அலைவரிசை. அதில் வந்தவை பெரும்பாலும் அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, நியூஜிலாந்து முதலிய இடங்களில் எடுத்த நிகழ்ச்சிகள். "பெவர்லி ஹில்ஸ்", "மெல்ரோஸ் பிளேஸ்" முதலிய தொடர் நாடகங்களில் பணக்கார வீட்டு யுவதிகள் மெலிந்த இடையோடும் பளபளக்கும் கூந்தலோடும் கார்களில் ஏறி இறங்கினார்கள். பிஜிப் பெண்கள் கண் கொட்டாமல் பார்த்தார்கள்.

டெலிவிஷன் வந்த சில வாரங்களுக்குள் ஆன் பெக்கர் அங்குள்ள பள்ளிக்கூடப் பெண்கள் 63 பேரிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்தார். 26 கேள்விகள். உணவைப் பற்றியும் உடம்பைப் பற்றியும் ஒரு பெண்ணின் மனம் எவ்வளவு தொல்லைப்படுகிறது என்று காட்டும் கேள்விகள் அவை. 20-க்கு மேல் மதிப்பெண் வந்தால் கவலைப்பட வேண்டியதுதான். மூன்று வருஷம் பொறுத்து, 1998-இல், அதே பள்ளிகளில் அதே வயதுள்ள வேறு 65 பெண்களிடம் அதே தாளைக் கொடுத்தார். சராசரி வயது 17.

1995-இல் கவலைக்கிடமான மதிப்பெண் வாங்கியவர்கள் நூற்றுக்கு 12.7 பேர். 1998-இல் 29.2 பேர். எடையைக் குறைப்பதற்காகத் தின்றதைத் தானே வாந்தி எடுத்தவர்கள் 1995-இல் ஒருவர் கூட இல்லை. 1998-இல் நூற்றுக்கு 11 பேர்!

"நான் ரொம்பப் பெருத்துவிட்டேன் என்று சில சமயமாவது தோன்றுகிறது" என்று சொன்னவர்கள், 1998-இல், நூற்றுக்கு 74 பேர். உணவைக் குறைத்துப் பார்த்தவர்கள் நூற்றுக்கு 69 பேர். அதாவது வந்து சாப்பிடு என்று தெருவிலே போகிறவரைக் கூப்பிடுகிற ஊரில், ஒரு வேளை சாப்பிடாவிட்டால் மருந்து கொடுக்கிற ஊரில், மூன்றே வருஷத்தில் பத்துக்கு ஏழு பெண்கள் தாங்களாகவே சாப்பாட்டைத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

இதில் இன்னொரு சங்கதி. 1995-இல் கேட்ட பெண்களுக்கும் 1998-இல் கேட்ட பெண்களுக்கும் எடையில் சொல்லிக்கொள்ளத் தக்க வித்தியாசம் கிடையாது. உடம்பு அதே உடம்பு. கண்ணாடியில் பார்த்த கண்தான் மாறியிருந்தது.

1999-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க மனோ வைத்தியர்கள் கூடிய சபையில் ஆன் பெக்கர் இந்தக் கணக்கை வெளியிட்டார். உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் கொட்டை எழுத்தில் போட்டன. 2002-இல் பிரிட்டிஷ் மனோ வைத்தியப் பத்திரிகையில் முழு விவரமும் அச்சாயிற்று. அது முதற்கொண்டு, "டெலிவிஷன் பெண்களைக் கெடுக்கிறது" என்று யாராவது பேச எழுந்தால் அவர் வாயில் முதலில் வருகிற பெயர் பிஜி.

கணக்கை அளவுக்கு மேல் நம்பிவிடக் கூடாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நூற்று இருபத்தெட்டுப் பெண்கள் என்பது பெரிய தொகை அல்ல. இரண்டு முறையும் கேட்டது ஒரே பெண்களை அல்ல. அந்த மூன்று வருஷத்தில் டெலிவிஷன் ஒன்று மட்டுமா வந்தது? கடற்கரையில் உல்லாசப் பிரயாணிகளுக்கான ஹோட்டல்கள் இருந்தன. கூலிக்குப் போகும் வேலைகள் பெருகின. பள்ளிப் படிப்பு முடித்த பெண்கள் கிராமத்தைத் தாண்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். இருந்தாலும் வாரத்தில் மூன்று இரவோ அதற்கு மேலோ டெலிவிஷன் பார்த்த பெண்கள், குறைவாகப் பார்த்தவர்களைக் காட்டிலும் அதிகமாகத் தங்களைக் குண்டென்று நினைத்தார்கள் என்றும் தெரிய வந்தது. ஆகவே டெலிவிஷனுக்குப் பங்கே இல்லை என்று தள்ளவும் முடியாது.

அந்தப் பெண்கள் என்ன சொன்னார்கள்?

என் அக்காளின் தீர்ப்பை நான் ஒப்புக்கொள்ளாததற்குக் காரணம் அதற்குப் பிறகு நடந்தது. வாத்தியார்களும் வைத்தியர்களும் எத்தனையோ பேசினார்கள். ஆனால் ஆன் பெக்கர் அந்தப் பெண்களையே உட்கார வைத்துப் பேசச் சொன்னார். 30 பெண்களோடு நீண்ட நேரம் பேசியதை 2004-இல் எழுதினார்.

அந்தப் பெண்கள், டெலிவிஷனில் வருகிறவள் அழகாயிருக்கிறாள், அதனால் எனக்கும் அப்படி ஆக ஆசை என்று மட்டும் சொல்லவில்லை. "அவள் வேலைக்குப் போகிறாள். நானும் வேலைக்குப் போக வேண்டும். ஒல்லியாக இருந்தால்தான் வேலை கிடைக்கும்" என்ற கருத்தில் பலர் பேசினார்கள். ஒல்லியாக இருந்தால் சுறுசுறுப்பாக இருக்கலாம், வீட்டு வேலையும் ஓடும் என்று சிலர் எண்ணினார்கள். "ஜீனா" என்று ஒரு வாள்வீரப் பெண்ணின் தொடர் அப்போது ஓடிற்று. அவளைச் சிலருக்கு மிகவும் பிடித்திருந்தது. ஏனென்றால் ஆண்பிள்ளைகள் செய்கிற காரியத்தை எல்லாம் அவள் செய்தாள்!

இதைப் படித்த பிறகு எனக்கு அந்தப் பெண்களைப் பார்த்து, "மதி மயங்கியவர்கள்" என்று சொல்ல மனம் வரவில்லை. அவர்கள் முட்டாள்கள் அல்ல. கிராமத்தில் கிழங்குத் தோட்டமும் மீன் பிடிப்பும் இருந்த காலத்தில் திரண்ட தோளும் பருத்த காலும் பயன்பட்டன. அவற்றுக்கு மதிப்பு இருந்தது. ஹோட்டல் முன்மேஜையில் நிற்கவும், விமானத்தில் பணிப்பெண்ணாகப் போகவும், பட்டணத்து ஆபீஸில் உட்காரவும் எந்த உடம்பை எடுத்துக்கொள்கிறார்கள் என்று அந்தப் பெண்கள் பார்த்தார்கள். பார்த்துக் கணக்குப் போட்டார்கள்.

டெலிவிஷனில் வந்த யுவதிக்கு மெல்லிடை மட்டுமா இருந்தது? பங்களா இருந்தது, கார் இருந்தது, கைநிறையச் சம்பளம் இருந்தது, இஷ்டப்பட்ட இடத்துக்குப் போகும் சுதந்திரம் இருந்தது. நட்ரோகா கிராமத்துப் பெண்ணால் இவற்றில் எதை வாங்க முடியும்? பங்களாவையா, காரையா? ஒன்றே ஒன்றுதான் அவள் கைக்கு எட்டியது. தட்டைத் தள்ளி வைப்பதற்குக் காசு வேண்டியதில்லை. அதைச் செய்தாள்.

டெலிவிஷனைத் திட்டுகிறவர்கள், அந்தப் பெண்ணுக்கு ஹோட்டலில் வேலை கொடுக்கிற முதலாளியைத் திட்டுவதில்லை. பெட்டியைத் திட்டுவது சுலபம். அது திருப்பிப் பேசாது.

பருமனை விரும்பினால் மட்டும் போதுமா?

ஒல்லி மோகம் வந்த பிறகுதான் பெண்ணுக்குத் துன்பம், முன்பெல்லாம் குண்டாக இருந்து சுகமாக வாழ்ந்தார்கள் என்று யாராவது சொன்னால், அவர்களை நான் ஆப்பிரிக்காவில் மௌரிடேனியா தேசத்துக்கு அழைத்துப் போக விரும்புகிறேன்.

சஹாராப் பாலைவனத்தை ஒட்டிய அந்த நாட்டில், மூர் இனத்தாரிடையே "லெப்லூ" என்று ஒரு வழக்கம். கல்யாணத்துக்கு நிற்கிற பெண் பருத்திருக்க வேண்டும். பாலைவனத்தில் பருத்த பெண் என்றால் அப்பன் வீட்டில் ஒட்டகமும் ஆடும் ஏராளம், அவள் குனிந்து வேலை செய்ய வேண்டியதில்லை என்று பொருள். ஆகவே சிறு பெண்களைப் பிடித்து உட்கார வைத்துக் குடம் குடமாக ஒட்டகப் பாலும் மாவுக் களியும் ஊட்டுவார்கள். மாட்டேன் என்று அழுதால் கால் விரல்களுக்கு நடுவே குச்சியைக் கொடுத்து நெரிப்பார்கள். வாந்தி எடுத்தால் மறுபடியும் குடிக்க வைப்பார்கள். ஊட்டுகிற கிழவி சிறுமியிடம் பகை கொண்டவள் அல்ல. அந்தப் பெண்ணின் பாட்டியாகவோ அத்தையாகவோ இருப்பாள். "எல்லாம் உன் நன்மைக்குத்தான்" என்பாள். சர்க்கார் பிரசாரம் செய்து, பட்டணத்தில் வெகுவாகக் குறைந்திருக்கிறது. முற்றிலும் ஒழியவில்லை.

அங்கே டெலிவிஷன் சொல்லிக் கொடுக்கவில்லை. அழகு என்பது சதைதான் என்று அந்த நாட்டுப் பாட்டிகளே சொன்னார்கள். ஒரு சிறுமி கண்ணீர் விட்டுக்கொண்டு பால் குடிக்கிறாள். இன்னொரு சிறுமி கண்ணீர் விட்டுக்கொண்டு சோற்றைத் தள்ளுகிறாள். இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்தால், குண்டா ஒல்லியா என்ற கேள்வி எனக்கு அவ்வளவு பெரிதாகத் தோன்றவில்லை.

மேனாட்டையே எடுத்துக்கொண்டால் அங்கும் அழகின் அளவு நிலையாக இருந்ததில்லை. உணவைக் குறைத்து உடம்பை இளைக்கச் செய்யும் கலையை ஜனங்களிடையே பரப்பியவர் ஒரு பெண் அல்ல! 1863-இல் லண்டன் பட்டணத்தில் பிரேத சவரணைத் தொழில் செய்துவந்த வில்லியம் பாண்டிங் என்ற தடித்த மனிதர். தம் காலணி வாரைத் தாமே குனிந்து கட்ட முடியாமல் அவதிப்பட்டவர், மாவுப் பண்டத்தையும் சர்க்கரையையும் விட்டு இளைத்து, அந்த அனுபவத்தைச் சின்னப் புத்தகமாகப் போட்டார். அது பரபரப்பாக விற்றது. "பாண்டிங்" என்பதே ஆங்கிலத்தில் உணவுக் கட்டுப்பாட்டுக்குப் பெயராகிவிட்டது. ஆண்பிள்ளை தனக்காக ஆரம்பித்த காரியம் எப்படியோ பெண்பிள்ளைகள் தலையில் வந்து விடிந்தது. 1966-இல் ட்விக்கி என்ற 16 வயது லண்டன் பெண், குச்சி போன்ற உடம்போடு படங்களில் தோன்றினாள். ட்விக் என்றால் குச்சி. உலகம் முழுவதும் அவளைப் போல் ஆக ஆசைப்பட்டது. பிஜியில் அந்தப் பெயரைச் சொல்லி யாரையாவது கூப்பிட்டிருந்தால் அப்போது அடி விழுந்திருக்கும்.

பழைய பிஜியையும் நான் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். தன் உடம்பைப் பற்றி ஊரே பேசுவதைப் பொறுத்துக்கொண்டுதான் அந்தப் பெண்ணும் இருந்தாள். கல்யாணமாகிப் போன இடத்தில் இளைத்தால் ஒரு பேச்சு, பிள்ளை பெற்ற பின் இளைத்தால் ஒரு பேச்சு. தன் உடம்பு தன் சொந்தம் என்று அவள் ஒரு நாளும் சொல்லிவிட முடியாது. புதிய நாகரிகம் வந்து, "இது உன் சொந்த உடம்பு" என்று அவளிடம் சொன்னது. சொன்ன கையோடு, "அதில் இருக்கிற கோளாறெல்லாம் உன் சொந்தக் குற்றம்" என்றும் சொல்லிவிட்டது. முன்பு அவள் மெலிந்தால் பழி சுற்றத்தாருக்கு. இப்போது அவள் பெருத்தால் பழி அவளுக்கு மட்டும். பங்குக்கு யாரும் வருவதில்லை.

வைத்தியர் சொல்வதும் பெட்டி சொல்வதும்

"அப்படியானால் எடை குறைக்கவே கூடாதா? சர்க்கரை வியாதி என்ன ஆவது?" என்று வாசகர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பிஜியிலும் அக்கம்பக்கத்துத் தீவுகளிலும் சர்க்கரை வியாதி தலைவிரித்து ஆடுகிறது. உலகத்திலேயே இந்த நோய் மிகுந்த பிரதேசங்களில் அது ஒன்று. காலை வெட்டி எடுக்க நேர்ந்தவர்களும் கண் பார்வை இழந்தவர்களும் அங்கே நிறைய. பருமன் அழகு என்று பாராட்டிக்கொண்டு மட்டும் இருக்க முடியாது.

ஆனால் அந்த நோய் எப்படி வந்தது? சேம்பும் மீனும் தேங்காயும் தின்று, தோட்டத்தில் பாடுபட்டுத் திரண்ட உடம்பு அல்ல அது. கப்பலில் வந்து இறங்கிய மைதா மாவும், வெள்ளைச் சர்க்கரையும், டப்பா மாமிசமும், பாட்டில் பானங்களும் வந்த பின் பெருகிய நோய். மரவள்ளிக்குப் பதில் ரொட்டி, இளநீருக்குப் பதில் சோடா. வைத்தியர், "என்ன சாப்பிடுகிறாய், எவ்வளவு நடக்கிறாய்?" என்று கேட்கிறார். பெட்டி, "எப்படித் தோன்றுகிறாய்?" என்று கேட்கிறது. அதே பெட்டி, மெல்லிடையைக் காட்டிய அடுத்த நிமிஷத்தில் இனிப்புப் பானத்துக்கும் விளம்பரம் போடுகிறது. நாற்பது வயதுத் தாய்க்கு வைத்தியர் சொன்ன புத்திமதியைப் பதினைந்து வயது மகள் எடுத்துக்கொள்கிறாள். தாயோ சோடாவைக் குடித்துக்கொண்டிருக்கிறாள். இது பிஜியில் மட்டும் நடக்கிற கூத்து அல்ல.

தோழி வீட்டுப் பெட்டி

2011-இல் ஆன் பெக்கரும் அவருடைய கூட்டாளிகளும் மற்றோர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். இந்தத் தடவை 523 பிஜிப் பெண்கள். தம் வீட்டில் டெலிவிஷன் முதலிய சாதனங்கள் இருக்கிறதா, தோழிகளின் வீட்டில் இருக்கிறதா என்று தனித்தனியே விசாரித்தார்கள். ஆச்சரியம் என்னவென்றால், உணவு விஷயமாக மனம் கெட்டுப்போவதற்கும் தன் வீட்டுப் பெட்டிக்கும் உள்ள தொடர்பைவிட, தோழிகள் பார்க்கிற பெட்டிக்கு உள்ள தொடர்பே பலமாக இருந்தது. வீட்டில் டெலிவிஷனே வாங்காத தகப்பனாரின் மகளும் தப்பவில்லை. பள்ளிக்கூடத்து மரத்தடியில் தோழிகள் பேசுகிற பேச்சில் அது வந்து சேர்ந்துவிட்டது.

என் அக்காள் மகளின் கையிலிருந்து போனைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டலாம் என்று வீட்டில் ஆலோசனை நடந்துகொண்டிருந்தபோதுதான் இந்த விவரம் என் கண்ணில் பட்டது. அவளுக்கு வகுப்பில் நாற்பது தோழிகள். எத்தனை அலமாரிக்குப் பூட்டு வாங்குவது?

இன்னும் ஒன்று. பிஜியில் வயிற்றைச் சுத்தி செய்வதற்குப் பரம்பரையாகக் கொடுத்து வந்த மூலிகைச் சாறு உண்டு. தாயும் பாட்டியும் கையால் இடித்துக் கொடுப்பது. எடையைக் குறைக்கும் நோக்கத்தோடு சில இளம் பெண்கள் அதைக் குடிக்கிறார்கள் என்று பின்னால் நடந்த ஆராய்ச்சிகளில் தெரிந்தது. பெற்றவளுக்குச் சந்தேகம் எப்படி வரும்? மகள் நாட்டு மருந்து குடிக்கிறாள், உடம்புக்கு நல்லதுதானே என்று இருந்துவிடுவாள்.

இந்தக் கதை முழுவதையும் என் அக்காள் மகளை உட்கார வைத்துச் சொன்னேன். டெலிவிஷன் வந்தது, பெண்கள் சாப்பாட்டை நிறுத்தினார்கள், வேலைக்குப் போவதற்காக மெலிந்தார்கள் என்பதையெல்லாம் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். குச்சிக்கால் வசவைக் கேட்டுச் சிரித்தாள். மௌரிடேனியாச் சிறுமிக்கு உச்சுக் கொட்டினாள். சரி, மனம் மாறியிருப்பாள் என்று நான் உள்ளூர மகிழ்ந்துகொண்டிருக்கும்போது நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:

"அதெல்லாம் சரி, சித்தி. அந்தப் பெண்களுக்கு வேலை கிடைத்ததா?"